அக்கரையிலும் ஒரு மைக் நீட்டுங்கள்: தமிழ்ச் செய்தி சேனல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டில் 24 மணி நேரச் செய்தி நடத்தும் ஆசிரியர்களுக்கும், செய்தி ஒருங்கிணைப்பாளர்களுக்கும், இரவு விவாதம் நடத்துகிறவர்களுக்கும் வணக்கம். தமிழ்நாட்டுக்கும் இலங்கைக்கும் நடுவில் உள்ள பாக் நீரிணையில் நம் மீனவர்கள் பிடிபடுவதை நீங்கள் செய்தியாக்கும் விதம் பற்றிய மடல் இது. ஆனால் வேறோர் இரவிலிருந்து தொடங்குகிறேன்.

2025 மே 8 இரவு உங்களுக்கு நினைவிருக்கும். பஹல்காமில் 26 பேர் கொல்லப்பட்டு, ஆபரேஷன் சிந்தூர் தொடங்கி இரண்டு நாள்கூட முடியாத இரவு. வடக்கே பல சேனல்கள் கராச்சித் துறைமுகம் எரிகிறது என்றன, இஸ்லாமாபாத்துக்குள் படை நுழைந்துவிட்டது என்றன, பாகிஸ்தான் ராணுவத் தளபதியைக் கைது செய்துவிட்டார்கள் என்றன. விடிந்து பார்த்தால் கராச்சித் துறைமுகம் அது பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தது. ஸ்டுடியோவுக்குள் விமானத் தாக்குதல் சைரனைப் போட்டுப் போட்டு, கடைசியில் அந்த ஒலியைத் தயவுசெய்து பயன்படுத்தாதீர்கள் என்று சிவில் பாதுகாப்புத் துறையே மே 10 அன்று கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. பூஞ்சில் பாகிஸ்தான் பீரங்கிக் குண்டுவீச்சில் செத்துப்போன ஒரு மதரசா ஆசிரியரை, இந்தியத் தாக்குதலில் கொல்லப்பட்ட பயங்கரவாதி என்று படத்தோடு காட்டினார்கள். அந்த ஊர்க் காவல்துறை மறுப்பு வெளியிட்ட பிறகுதான் விஷயம் வெளியே தெரிந்தது. இதில் பாகிஸ்தான் தரப்பு சளைத்ததில்லை. பிரிட்டிஷ் நாளிதழ் ஒன்றின் முதல் பக்கம் என்று சுற்றிய போலிப் படத்தை நம்பி, அந்த நாட்டின் துணைப் பிரதமரே நாடாளுமன்றத்தில் எங்கள் விமானப்படையை உலகம் புகழ்கிறது என்று பேசினார். அதைப் போலி என்று காட்டியது அவர்கள் நாட்டுப் பத்திரிகைதான்.

அந்த வாரம் தமிழ்நாட்டில் நாம் சிரித்த சிரிப்பு கொஞ்சநஞ்சமில்லை. மீம் மீமாக வந்தது. நம்ம சேனல்கள் அவ்வளவு மோசமில்லை என்று ஒரு பெருமையும் அதில் கலந்திருந்தது. ஓரளவு நியாயமான பெருமைதான், அதை நம்பித்தான் இந்த மடலையே எழுதுகிறேன். நமக்கென்று ஒரு வெளியுறவு விவகாரம் இருக்கிறது. டெல்லிக்கு அது தேர்தல் நெருங்கினால் ஞாபகம் வரும், நமக்கோ மீன்பிடிக் காலம் முழுக்க வாரம் தவறாமல் வரும். பாக் நீரிணை. அங்கே நடப்பதைத் தமிழ்நாட்டின் ஏழரைக் கோடிப் பேரும் பெரும்பாலும் உங்கள் கண்ணால்தான் பார்க்கிறோம்.

அந்தச் செய்திக்கு ஒரு சுற்று இருக்கிறது, உங்களுக்கே மனப்பாடமாகத் தெரிந்திருக்கும். காலையில் சிவப்புப் பட்டையில் ‘நெடுந்தீவு அருகே தமிழக மீனவர்கள் சிறைபிடிப்பு’ என்று ஓடும், எண்ணிக்கை மட்டும் மாறும். கீழே ஓடுகிற காட்சி பெரும்பாலும் பழையது: கட்டிக் கிடக்கும் விசைப்படகுகள், மேலே சுற்றும் கடற்புறாக்கள், தலையில் அடித்துக்கொண்டு அழும் ஒரு தாய். கொஞ்ச நேரத்தில் ‘சிறைபிடிப்பு’ போய் ‘அட்டூழியம்’ வந்துவிடும். அப்புறம் மீனவர் சங்கத் தலைவரின் பேட்டி. மதியத்துக்குள் வெளியுறவு அமைச்சருக்கு முதலமைச்சர் கடிதம். எந்தக் கட்சி ஆண்டாலும் அந்தக் கடிதம் ஏறக்குறைய ஒரே கடிதம்தான். மாலையில் இலங்கையின் ஊர்க்காவற்றுறை நீதிமன்றத்திலோ மன்னார் நீதிமன்றத்திலோ ஆஜர், இன்ன தேதிவரை காவல். மறுநாள் ராமேஸ்வரத்தில் வேலைநிறுத்தம், தங்கச்சிமடத்தில் மறியல். சில வாரம் கழித்து, விடுதலையானவர்கள் சென்னை விமான நிலையத்திலிருந்து வெளியே வருகிற காட்சி. படகு திரும்பி வராது. படகைப் பற்றிய செய்தியும் அத்தோடு சரி.

இந்தச் சுற்றில் நீங்கள் பொய் சொல்வதாக நான் சொல்லவில்லை. கராச்சி எரிந்ததாகக் காட்டிய மாதிரி நீங்கள் எதையும் ஜோடிக்கவில்லை. கைது நடந்தது உண்மை, அழும் தாய் உண்மை, கடிதமும் உண்மை. இத்தனை உண்மையையும் வரிசையாகக் காட்டிவிட்டு, அந்தக் கடலில் ராத்திரி என்ன நடக்கிறது என்று பார்க்கிறவருக்குத் தெரியாமலே வைத்திருக்க முடிகிறது பாருங்கள், அதைப் பற்றித்தான் பேச வந்தேன்.

அதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ‘கொழும்புக்கு வக்காலத்து வாங்க வந்துவிட்டான்’ என்று பேச்சு திசைமாறிவிடும். இலங்கைக் கடற்படை மீது எனக்கு எந்தக் கரிசனமும் கிடையாது. 2021 ஜனவரியில் கோட்டைப்பட்டினத்திலிருந்து போன ஒரு படகு கடற்படைக் கலத்தோடு மோதி மூழ்கி நான்கு பேர் செத்துப்போனார்கள். அந்த நால்வரில் ஒருவர் மண்டபம் அகதிகள் முகாமில் வாழ்ந்த இலங்கைத் தமிழர். 2024 ஆகஸ்டில் இன்னொரு மோதல், மறுபடியும் ஒரு ராமேஸ்வரம் மீனவரின் உயிர். 2025 ஜனவரி 28 அன்று நெடுந்தீவுக்குப் பக்கத்தில் காரைக்கால் படகில் இருந்தவர்கள் மீது சுட்டதில் ஐந்து பேருக்குக் காயம், இந்தியா இலங்கையின் பொறுப்புத் தூதரைக் கூப்பிட்டுக் கண்டித்தது. நிராயுதபாணியாக மீன்பிடிக்கப் போனவனைச் சுடுவதற்கு எந்த எல்லைக் கோடும் சாக்காகாது. இதையெல்லாம் நீங்கள் உரக்கச் சொல்கிறீர்கள், சொல்லத்தான் வேண்டும், இன்னும் உரக்கக்கூடச் சொல்லலாம்.

ஆனால் உங்கள் செய்தியில் இந்தக் கதைக்கு இரண்டே பாத்திரங்கள்தான். ஒருபக்கம் தமிழ் மீனவன், மறுபக்கம் சிங்களக் கடற்படை. மூன்றாவதாக ஒருவர் இருக்கிறார், அவரும் தமிழ்தான் பேசுகிறார், அவரும் மீனவர்தான், அவருடைய வலைதான் அறுந்து கிடக்கிறது. அவரை உங்கள் திரையில் பார்ப்பது அபூர்வத்திலும் அபூர்வம்.

இலங்கையின் வடக்கே பேசாலையிலோ நெடுந்தீவிலோ வடமராட்சியிலோ இருக்கும் ஒரு கடற்றொழிலாளியை எடுத்துக்கொள்ளுங்கள் (அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள், கடற்றொழிலாளி என்று). அவரிடம் இருப்பது ஒரு சின்ன ஃபைபர் படகு, பின்னால் மாட்டுகிற ஒரு எஞ்சின், துண்டு துண்டாகக் கடனுக்கு வாங்கிச் சேர்த்துக் கட்டிய வலை. பொழுது சாயப் போய் வலையைப் போடுவார், விடியுமுன் இழுப்பார். இடைப்பட்ட நேரத்தில் மேற்கிலிருந்து நம் விசைப்படகுகளின் விளக்குகள் வரிசையாக வரும். கரையில் நின்றே எண்ணலாம் என்பார்கள். ராமேஸ்வரத்தில் விசைப்படகுகளுக்குக் கடலுக்குப் போக டோக்கன் கொடுப்பது திங்கள், புதன், சனி. அந்த நாள்களை நம் ஊரில் மீன் சாப்பிடுகிறவர்களைவிட யாழ்ப்பாணக் கரையில் இருப்பவர்கள் நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறார்கள், ஏனென்றால் அந்த ராத்திரிகளில் வலை போட்டால் வலை திரும்பி வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. பலர் அன்று கடலுக்கே போவதில்லை. அந்தப் படகுகள் இழுத்துப் போகிற இழுவை மடி என்ற பெரிய வலையின் வாயை இரண்டு கனத்த பலகைகள் அகல விரித்துப் பிடிக்க, அது கடலடியை உரசிக்கொண்டே போகும். பாக் நீரிணை ஆழம் குறைந்த கடல், பல இடங்களில் பத்துப் பன்னிரண்டு மீட்டர்கூட இருக்காது. கடற்புல், நண்டு, கண்ணுக்குப் பிடிபடாத குஞ்சு, நடுவில் யாரோ போட்டு வைத்த வலை என்று எல்லாம் சேர்ந்து மடிக்குள் போய்விடும். விடியற்காலையில் போய்ப் பார்க்கிறவருக்கு அறுந்த கயிறும் ஒன்றிரண்டு மிதப்பும் கிடைத்தால் அதிர்ஷ்டம். ஒரே ராத்திரியில் லட்சக்கணக்கான ரூபாய் போய்விடும், கடன் மட்டும் மிச்சம்.

இவர் யார்? போர் நடந்த காலத்தில் கடலுக்குப் போகாதே என்று தடுத்து வைக்கப்பட்டவர். 1983-க்குப் பிறகு கால் நூற்றாண்டு காலம் வடக்கில் சுதந்திரமாகத் தொழில் செய்ய முடிந்த நாள்கள் குறைவு; தடை, நேரக் கட்டுப்பாடு, எஞ்சின் கட்டுப்பாடு, இடப்பெயர்வு. அந்தக் காலத்தில் ஆளில்லாமல் கிடந்த கடலில்தான் நம் பக்கத்து விசைப்படகுகள் கிழக்கே போய்ப் பழகின. 2009-க்குப் பிறகு அவர் மெல்ல மெல்லத் திரும்பி வந்து, கடன் வாங்கி வலை கட்டிக் கடலில் இறங்கினால், அங்கே ஏற்கெனவே வேறு ஆள் நிற்கிறார். இரணைதீவு மக்கள் 1992-இல் வெளியேற்றப்பட்டவர்கள். கடற்படை பிடித்து வைத்திருந்த அந்தத் தீவுக்கு 2018 ஏப்ரலில் படகு படகாகக் கிளம்பிப் போய், யாரையும் கேட்காமல் இறங்கிக் குடியேறினார்கள். அப்படி மீட்டெடுத்த மண்ணைச் சுற்றியுள்ள கடலில்தான் இன்றைக்கு நம் இழுவைப் படகுகள் பிடிபட்ட செய்தி வருகிறது. நிலத்தைப் பிடித்துக்கொண்ட அதே கடற்படையிடம் போய் ‘எங்கள் வலையைக் காப்பாற்று’ என்று கேட்க வேண்டிய நிலை அந்த மக்களுக்கு. இதைவிட ஒரு விவாதத்துக்கு என்ன விஷயம் வேண்டும் உங்களுக்கு?

அவர்கள் சும்மாவும் இருந்துவிடவில்லை. 2021 அக்டோபரில் முல்லைத்தீவிலிருந்து பருத்தித்துறை வரை படகுகளில் ஊர்வலமாகப் போய்ப் போராடினார்கள். 2022 ஜனவரியில் வத்திராயனைச் சேர்ந்த இரண்டு பேர் கடலில் இறந்தபோது, இந்தியப் படகு மோதித்தான் இறந்தார்கள் என்று குற்றம் சாட்டிச் சாலையை மறித்து உட்கார்ந்தார்கள். அந்தக் குற்றச்சாட்டு சரியா தவறா என்று விசாரித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் இருந்தது நீங்கள்தான். கோட்டைப்பட்டினம் படகுக்கு என்ன ஆயிற்று என்று கேட்ட அதே வேகத்தில் இதையும் கேட்டிருக்கலாம். 2024 ஜூனில் நம் படகு ஒன்றைப் பிடிக்கும்போது இலங்கைக் கடற்படை வீரர் ஒருவர் இறந்தார். நமக்கு அது ஸ்க்ரோலில் ஒரு வரி.

மக்கள் ஏன் இந்த இரண்டு பாத்திரக் கதையை அப்படியே நம்புகிறார்கள் என்று கேட்டால், அதற்குக் காரணம் உங்கள் சேனல் மட்டும் கிடையாது. 2009 இருக்கிறது. பத்திரிகையாளர்களை உள்ளே விடாமல் நடத்திய போர் அது. பொதுமக்கள் ஒருவர்கூடச் சாகக் கூடாது என்பதுதான் எங்கள் கொள்கை என்று கொழும்பு சொல்லிக்கொண்டிருந்தது, உலகத்தில் பாதிப் பேருக்கு அதுதான் செய்தியாகப் போய்ச் சேர்ந்தது. 40,000 பேர் வரை இறந்திருக்கக்கூடும் என்று ஐ.நா. நிபுணர் குழு 2011-இல் சொன்னபோது எல்லாம் முடிந்திருந்தது. அந்தக் காயம் உள்ள சமூகம் இலங்கைக் கடற்படை என்ற பெயரைக் கேட்டதும் கொதிப்பதில் வியப்பில்லை. ஆனால் அதே 2009-ஐப் பார்த்த நமக்குத்தான், கேமரா போகாத பக்கத்தில் இருக்கிற மனிதர்கள் கணக்கிலேயே வரமாட்டார்கள் என்பதும் மற்ற யாரையும்விட நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். அன்று வன்னியில் யாருடைய குரல் வெளியே வரவில்லையோ, அவர்களுடைய அண்ணன் தம்பிகளும் பிள்ளைகளும்தான் இன்று வலை போய் நிற்கிறார்கள். இந்தமுறை அவர்களுடைய குரல் நம் வீட்டுக்குள் வராததற்குக் கொழும்பைக் குறை சொல்ல முடியாது.

‘சிங்கள அரசு’ என்ற சட்டகத்துக்குள் அடங்காத இன்னொரு சின்ன விஷயம். 2019 கடைசியிலிருந்து இடையில் சில வாரங்கள் தவிர 2024 வரை இலங்கையின் மீன்பிடித்துறை அமைச்சராக இருந்தவர் டக்ளஸ் தேவானந்தா. 2024 நவம்பரில் அந்தப் பொறுப்புக்கு வந்தவர் ராமலிங்கம் சந்திரசேகர். இருவரும் தமிழர்கள். கடலடியோடு இழுக்கும் மீன்பிடி முறையைத் தடைசெய்து 2017 ஜூலையில் இலங்கை நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்துக்கு வித்திட்டது, தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் சுமந்திரன் கொண்டுவந்த தனிநபர் மசோதா. டக்ளஸை நம் ஊரில் பலருக்குப் பிடிக்காது, சுமந்திரனையும் பிடிக்காது, அதற்குக் காரணங்கள் இருக்கின்றன, இருக்கட்டும். அந்தச் சட்டத்தைக் கேட்டது வடக்கின் தமிழ் மீனவர்கள் என்ற தகவலாவது ஸ்க்ரோலில் ஒருமுறை ஓடியிருக்கலாம். அவர்களுக்குள்ளும் எல்லாரும் ஒரே குரலில் பேசவில்லை. யாழ்ப்பாணத்துக் குருநகரில் இழுவை மடி வைத்திருந்தவர்கள் அந்தத் தடையை எதிர்த்தார்கள். ஒரு நல்ல நிருபருக்கு இதெல்லாம் தீனி.

சரி, கச்சத்தீவுக்கு வருவோம், வராமல் எங்கே போவது.

2024 மார்ச்சில் யாழ்ப்பாணத்தில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்தின் முன்னால் கடற்றொழிலாளர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள், இந்திய இழுவைப் படகுகளைத் தடுத்து நிறுத்துங்கள் என்று இந்தியாவிடமே நேராகக் கேட்டு. பத்து நாள் கழித்து, மார்ச் 31 அன்று, கச்சத்தீவைக் காங்கிரஸ் தாரைவார்த்தது என்று பிரதமர் எக்ஸ் தளத்தில் எழுதினார். ஏப்ரல் 19 அன்று தமிழ்நாட்டில் வாக்குப்பதிவு. அந்த இடைப்பட்ட நாள்களில் எத்தனை விவாதம் நடத்தினீர்கள் என்று உங்கள் யூடியூப் பக்கத்திலேயே இருக்கிறது, போய்ப் பாருங்கள். கொடுத்தது இந்திராவா, கருணாநிதிக்குத் தெரியுமா தெரியாதா, தீர்மானம் போட்டார்களா இல்லையா, யார் துரோகி. நான்கு பேர் நான்கு பெட்டிக்குள் இருந்துகொண்டு கத்தியதில், அந்த உண்ணாவிரதம் எத்தனை விவாதத்தில் பேசப்பட்டது? நான் பார்த்த ஒன்றில்கூட இல்லை.

285 ஏக்கர். குடிக்கத் தண்ணீர் கிடையாது, குடியிருப்பவர் யாரும் இல்லை, ஓர் அந்தோணியார் கோயில், வருடத்துக்கு ஒரு திருவிழா. 1974 ஒப்பந்தத்தில் எல்லைக் கோடு அந்தத் தீவுக்கு ஒரு கடல் மைல் மேற்கே போடப்பட்டது. 1976-இல் இரண்டு நாட்டு மீனவர்களும் அடுத்தவர் கடலில் மீன்பிடிப்பதில்லை என்று இரண்டு அரசுகளும் கடிதம் பரிமாறிக்கொண்டன. அதே ஏற்பாட்டில் கன்னியாகுமரிக்குத் தெற்கே உள்ள வாட்ஜ் பேங்க் என்ற மீன்வளம் மிக்க கடல்பகுதி இந்தியாவுக்கு வந்தது. இதைக் கச்சத்தீவு விவாதத்தில் யாராவது ஆரம்பித்தால் நெறியாளர் இடைவேளை விட்டுவிடுகிறார். தீவைக் கொடுத்த விதம் சரியில்லை, தமிழ்நாட்டைக் கலந்துகொள்ளவில்லை என்றெல்லாம் வாதாடலாம், அந்த வாதத்தில் வலு இருக்கிறது. ஆனால் நம் மீனவர்கள் பிடிபடுகிற இடத்தின் பெயர்களைத்தான் நீங்களே தினமும் படிக்கிறீர்களே: நெடுந்தீவு, காரைநகர், இரணைதீவு, மன்னார். நாளைக்கே கச்சத்தீவு நம் கைக்கு வந்தாலும் எல்லைக் கோடு சில மைல் கிழக்கே நகரும், அவ்வளவுதான். நெடுந்தீவும் மன்னாரும் அப்போதும் இலங்கையில்தான் இருக்கும். திரும்பப் பெறுவது என்றால் போருக்குத்தான் போக வேண்டும் என்று 2014-இல் அட்டர்னி ஜெனரலே உச்ச நீதிமன்றத்தில் சொன்னார். பத்து வருடம் கழித்து அதே அரசின் தலைவர் அதைத் தேர்தல் பேச்சாக்கினார். நீங்கள் அந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டிக் காட்டியிருந்தால், அந்த ஒரு நிமிடக் காட்சி அந்த மாதம் முழுக்க நடந்த விவாதங்களைவிட மேலாக இருந்திருக்கும்.

கச்சத்தீவை மீட்டால் கைது நின்றுவிடும் என்று உங்கள் பார்வையாளர்களில் எத்தனை பேர் மனதார நம்புகிறார்கள் என்று ஒருநாள் மைக்கைத் தூக்கிக்கொண்டு தி.நகரில் கேட்டுப் பாருங்கள். எனக்குத் தெரிந்த வட்டத்தில், நன்றாகப் படித்தவர்களே அப்படித்தான் நினைக்கிறார்கள். டீக்கடையில் மட்டுமில்லை, வங்கியில் வேலை பார்க்கிறவர், கல்லூரியில் பாடம் எடுக்கிறவர் எல்லாரும். தப்பு அவர்கள் மேல் இல்லை. வரைபடத்தை யாரும் காட்டவே இல்லை. உக்ரைன் போருக்கு முப்பரிமாண வரைபடம் போட்டு, டாங்கி எப்படிப் போகிறது, எந்த ஆற்றைத் தாண்டுகிறது என்று ஸ்டுடியோ தரையில் நடந்துகொண்டே விளக்கிய உங்களால், தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவில் ஒரு கோடு போட்டுக் காட்ட முடியாதா?

இந்தப் பக்கத்திலேயே ஒளித்து வைக்கப்பட்ட கதை ஒன்றும் இருக்கிறது. ‘தமிழக மீனவர்’ என்று நீங்கள் ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறவர்களுக்குள் விசைப்படகுக்காரர் வேறு, நாட்டுப்படகுக்காரர் வேறு, படகு முதலாளி வேறு, பங்குக்கும் கூலிக்கும் கடலுக்குப் போகிற ஆள் வேறு. பாம்பன் பக்கத்து நாட்டுப்படகு மீனவர்கள், விசைப்படகின் இரட்டை மடி (இரண்டு படகு சேர்ந்து இழுக்கிற வலை) எங்கள் கடலை அழிக்கிறது என்று வருஷக்கணக்காக மனு கொடுக்கிறார்கள். தமிழ்நாட்டுச் சட்டப்படியே இரட்டை மடி தடைசெய்யப்பட்டது, கரையிலிருந்து மூன்று கடல் மைலுக்குள் விசைப்படகு இழுக்கவே கூடாது. அதாவது பாம்பன் நாட்டுப்படகுக்காரர் சொல்வதும் பேசாலை ஃபைபர் படகுக்காரர் சொல்வதும் ஒரே புகார். ஒருவர் இந்தியர், ஒருவர் இலங்கையர், நடுவில் ஒரு சர்வதேச எல்லை. பிரச்சினையை இந்தியா, இலங்கை என்று நாட்டுக் கணக்கில் பிரித்துக் காட்டிக்கொண்டே இருந்தால் இந்த ஒற்றுமை யார் கண்ணிலும் படாது. சிறையில் போய் உட்காருவதும் படகின் முதலாளி கிடையாது, ஓட்டுநரும் கூலிக்குப் போனவர்களும்தான். இரண்டாவது முறை பிடிபட்ட ஓட்டுநருக்குச் சிறைத் தண்டனை என்று இலங்கை நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன கோபத்தில் 2024 கச்சத்தீவுத் திருவிழாவையே ராமேஸ்வரம் மீனவர்கள் புறக்கணித்தார்கள். அந்த ஓட்டுநர் ஏன் இரண்டாவது முறை போனார், அவருக்கு என்ன கடன், படகு யாருடையது என்று ஒரு அரை மணி நேர நிகழ்ச்சி எடுத்திருக்கலாம்.

அக்கரைப் பத்திரிகைகள் யோக்கியம் என்று சொல்ல வரவில்லை. அங்கே ‘இந்திய மீனவர்கள் அத்துமீறல்’ என்ற தலைப்பும், கடற்படை அனுப்பிய படமும், கடற்படை எழுதிய அறிக்கையும் பல நாள் அப்படியே வந்துவிடுகின்றன. பிடிபட்டவர்கள் கூலி ஆட்கள் என்பதோ, இங்கே பிடிக்க மீன் இல்லாமல் போனதோ, சுட்டதில் காயம்பட்டவரின் குடும்பமோ அதில் வருவதில்லை. இரண்டு கரையிலும் தமிழிலேயே செய்தி படித்து, இரண்டு கரைத் தமிழரும் ஒருவரையொருவர் எதிரியாகப் பார்க்கும் நிலைக்கு வந்து நிற்கிறோம். இதில் கொழும்புக்கும் நட்டமில்லை, டெல்லிக்கும் நட்டமில்லை.

இதனால் வருகிற கெடுதல் வெறும் புரிதல் கோளாறோடு நிற்கவில்லை. 2016 நவம்பரில் டெல்லியில் நடந்த பேச்சுவார்த்தையில், அடியோடு இழுக்கும் முறையை விட்டு விரைவில் வெளியே வருவது என்று இரண்டு தரப்பும் பேசின. 2017-இல் 1,600 கோடி ரூபாய் செலவில், மூன்று வருடத்தில் 2,000 இழுவைப் படகுகளை ஆழ்கடல் படகுகளாக மாற்றும் திட்டம் வந்தது. அது இலக்கின் பக்கத்தில்கூடப் போகவில்லை. ஒரு படகுக்கு மீனவர் கையிலிருந்து போட வேண்டிய பங்கு, வங்கிக் கடன், ஆழ்கடலில் நாள்கணக்கில் தங்கிப் பழக்கம் இல்லாதது, துறைமுக வசதி என்று காரணங்கள் பல. அந்தத் திட்டம் ஏன் படுத்தது என்று நீங்கள் ஆட்சியாளர்களைப் போட்டுக் குடைந்திருந்தால் அது ஒரு அரசியல் பிரச்சினையாகியிருக்கும். ‘அட்டூழியம்’ என்று தலைப்புப் போட்டதோடு நின்றதால், ஒரு கடிதம் எழுதினால் கடமை முடிந்தது என்ற சௌகரியம் சென்னைக்கு, கச்சத்தீவு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்ற சௌகரியம் டெல்லிக்கு. 2024-இல் மட்டும் 500-க்கும் மேற்பட்ட நம் மீனவர்களைப் பிடித்தார்கள். நீங்கள் அவர்களுக்காகத்தான் கத்துகிறீர்கள் என்றால், அந்தக் கத்தல் அவர்களுக்கு இதுவரை என்ன வாங்கிக் கொடுத்திருக்கிறது?

2025 மார்ச்சில் ராமேஸ்வரத்திலிருந்து ஐந்து மீனவப் பிரதிநிதிகள் வவுனியாவுக்குப் போய் வடமாகாண மீனவர்களோடு உட்கார்ந்து பேசினார்கள். அரசு அதிகாரி இல்லாமல், மொழிபெயர்ப்பாளர் இல்லாமல், கடல்காரனும் கடல்காரனும். எனக்கு அது பெரிய செய்தியாகப் பட்டது. அடுத்த வாரம் சட்டமன்றத்தில் கச்சத்தீவுத் தீர்மானம் வந்தது, பிரதமர் கொழும்பு போனார், திரை முழுக்க அதுதான். வவுனியாவில் என்ன பேசினார்கள், எதில் ஒத்துப்போனார்கள், எதில் முறைத்துக்கொண்டார்கள் என்று தேடித்தான் படிக்க வேண்டியிருந்தது.

நான் கேட்பது பெரிய காரியம் ஒன்றுமில்லை. அடுத்த கைதுச் செய்தி வரும்போது, பிடிபட்ட இடத்தை வரைபடத்தில் காட்டுங்கள். படகு விசைப்படகா நாட்டுப்படகா என்று சொல்லுங்கள். ‘எல்லை தாண்டியதாக’ என்பது கடற்படை சொன்னதா, மீனவர் சொன்னதா, ஜி.பி.எஸ். கருவியில் இருப்பதா என்று பிரித்துச் சொல்லுங்கள். சங்கத் தலைவரிடம் பேட்டி எடுத்த கையோடு யாழ்ப்பாணத்திலோ மன்னாரிலோ உள்ள ஒரு கடற்றொழிலாளர் சங்கத்துக்கும் போன் போடுங்கள். வாட்ஸ்அப்பில் கூப்பிட்டால் பத்து நிமிட வேலை, சப்டைட்டில்கூட வேண்டாம். விவாதத்தில் உட்காருகிற நான்கு பேரில் ஒருவராவது கடலில் கால் நனைத்தவராக இருக்கட்டும்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் நம் பக்கம் மீன்பிடித் தடைக்காலம். அந்த இரண்டு மாதம்தான் வலை போகுமே என்ற பயம் இல்லாமல் கடலுக்குப் போகிறோம் என்று வடக்கில் சொல்வார்கள். தடை முடிகிற நேரத்தில் நீங்கள் ராமேஸ்வரம் துறைமுகத்திலிருந்து நேரலை போடுவீர்கள்: பெயின்ட் அடித்த படகுகள், ஐஸ் ஏற்றுகிற ஆட்கள், பூஜை. அதை விடவேண்டாம், நன்றாக இருக்கும், நானும் பார்ப்பேன். அதே ராத்திரி இரண்டாவது கேமரா ஒன்றைப் பருத்தித்துறையில் நிறுத்துங்கள். வானிலை ஒத்துழைத்தால் நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணப் பக்கத்துக் காங்கேசன்துறைக்குக் கப்பல் இருக்கிறது, நாலைந்து மணி நேரம்தான், சென்னையிலிருந்து பலாலிக்கு விமானமும் இருக்கிறது. காங்கேசன்துறையில் இறங்கிக் கிழக்கே கரையோரச் சாலையைப் பிடித்தால் பருத்தித்துறை. அங்கே யாரிடம் பேசுவது என்று தேட வேண்டியிருக்காது, மைக்கைப் பார்த்தாலே வந்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
உங்கள் சேனல்களை மாற்றி மாற்றிப் பார்க்கும் ஒருவன்